15 நாள் அந்தமான், 40 லிட்டர் பேக்கு, டைவிங் சாமானத்தோட 19 கிலோ: எத எடுக்க, எத விட?

கருங்கல்_பய:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க ஊரு கருங்கல் பக்கம், வேலை நாகர்கோவில்ல. போன வருஷம் கோவளத்துல ஸ்கூபா டைவிங்குக்கு ஓபன் வாட்டர்ண்ணு உள்ள ஆரம்ப கோர்ஸ் முடிச்சேன், நம்ம கன்னியாகுமரி கோவளம் இல்ல, விழிஞ்சம் பக்கத்துல உள்ள கோவளம். இதுவரைக்கும் மொத்தம் 11 டைவ். வர்ற பிப்ரவரியில 15 நாள் லீவு கெடச்சிருக்கு, தனியா அந்தமான் போறேன். நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு ரயில், அங்க இருந்து போர்ட் பிளேருக்கு ஃபிளைட், பெறவு ஹேவ்லாக் தீவுல 5 நாள், நீல் தீவுல 2 நாள், அது கழிஞ்சு பஸ்ஸுல ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர்ண்ணு மேல வரைக்கும் போயி சேடில் பீக் மல ஏறணும்ண்ணு ஆச. டைவிங் ஹேவ்லாக்ல மட்டும்தான்.

பிரச்சனை என்னண்ணா துபாய்ல இருக்க எனக்க மச்சான் வரும்போது அவனுக்க பழைய பிசிடியும் (காத்து நெரப்பி மெதக்குற ஜாக்கெட்) ரெகுலேட்டர் செட்டும் (டேங்குல இருந்து மூச்சு இழுக்குற சாமானம்) கொண்டு வந்து தந்துட்டான். அது கையில வந்ததும் எனக்கு கிறுக்கு புடிச்சு மிச்சத்தையும் ஒவ்வொண்ணா ஆன்லைன்ல வாங்கிட்டேன். நேத்து எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சு, பக்கத்து வீட்டு மீன் யாவாரி அண்ணனுக்க தொங்கு தராச வாங்கி ஒவ்வொண்ணா எட போட்டேன். பிசிடி 3.6 கிலோ, ரெகுலேட்டர் 2.7, காலுல மாட்டுற துடுப்பு, அதான் ஃபின், 2.9, அதுக்குள்ள போடுற பூட்டீஸ் 800 கிராம், குளிருக்கு போடுற 3 மில்லிமீட்டர் முழு ரப்பர் உடுப்பு, வெட்சூட், 1.6, டப்பாவோட மாஸ்க் 600 கிராம், கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர் 200, மேல வரும்போது படகுக்கு அடையாளம் காட்டுற எஸ்எம்பி பலூனும் ரீலும் 600, டார்ச் அரை கிலோ, கேமரா 700, துணிமணி மூணரை, பேக்கே வெறுசா 1.6. கூட்டிப் பாத்தா 19 கிலோ 300 கிராம். ஃபிளைட்டுல செக்-இன் 15, கையில 7ண்ணு விட்டாலும் 40 லிட்டர் பேக்குக்குள்ள பிசிடி நொழையவே மாட்டேங்குது, நொழஞ்சா மத்தது ஒண்ணும் நொழையாது.

அம்மா வாசல்ல நிண்ணு பாத்துட்டு, "ஒனக்க மாமன் கடல்ல முங்கி சிப்பி குளிக்கப் போவும்போது ஒரு கண்ணாடியும் ஒரு வலப்பையும்தான எடுத்துட்டுப் போறான், நீ என்ன கப்பலயா கொண்டு போற"ண்ணு கேக்கா. பதில் சொல்ல முடியல.

கண்ணுக்கு பவர் உண்டு, ரெண்டு பக்கமும் மைனஸ் 3, அதுக்கான லென்ஸ் போட்ட மாஸ்க்குதான் வச்சிருக்கேன். போயிட்டு வந்தவங்க யாராவது, எத கொண்டு போவணும், எத அங்க வாடகைக்கு எடுக்கலாம்ண்ணு கொஞ்சம் சொல்லுங்க. காசு குடுத்து வாங்கினத வீட்டுல போட்டுட்டுப் போவ மனசும் வரமாட்டேங்குது.

முட்டம்_பாற:

தம்பி, நான் ஹேவ்லாக்ல ஒரு டைவ் கடையில ரெண்டு சீசன் நிண்ணவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்லுதேன், கோவிச்சுக்காத.

முதல்ல நாள எண்ணு. 15 நாள்ல 5 நாள்தான் டைவிங். மிச்சம் 10 நாள் அந்த சாமானம் ஒனக்க முதுகுலதான் கெடக்கும். அதுலயும் திக்லிப்பூர் போற பஸ்ஸ நீ பாத்ததில்ல. ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சு போவணும், ஜார்வா பழங்குடிக்காரங்க காட்டு வழியா வண்டிகள ஒண்ணா சேத்து கான்வாய் போட்டுத்தான் விடுவான், பெறவு பாராட்டாங்ல படகுல ஏத்தி எறக்கி, போர்ட் பிளேர்ல இருந்து முன்னூறு கிலோமீட்டர்கிட்ட வரும், ஒரு பகல் முழுக்க போயிரும். அந்த பஸ்ஸுல மடியில ஒரு பிசிடிய வச்சுட்டு உக்காந்து பாரு, அப்பம் தெரியும்.

வெட்சூட்ட பத்தி தனியா சொல்லணும். நீ எட போட்ட 1.6 கிலோ காஞ்ச எட. நனைஞ்சா அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கடைசி டைவ் முடிஞ்ச மறுநாள் காலைல நீ படகு ஏறணும், அதுக்குள்ள அது காயாது, ஈரத்தோட சுருட்டி பேக்குல திணிச்சா ரெண்டாம் நாள் அடிக்கிற நாத்தத்துல பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயிருவான். நம்ம ஊரு கருவாட்டுச் சந்தைக்க வாசம் பரவாயில்ல. அங்க தண்ணி 27ல இருந்து 30 டிகிரி வரைக்கும் இருக்கும், ஒரு லைக்ரா சூட்டு போதும், 400 கிராம்தான், ராத்திரி தொவச்சு போட்டா காலைல காஞ்சிரும். வெயிலுக்கும் சொறி (ஜெல்லி மீன்) கடிக்கும் அது போதும். குளிருதுண்ணா கடையில உள்ள குட்டை வெட்சூட்ட அதுக்கு மேல மாட்டிக்க.

ஃபின்னும் அப்படித்தான். ஹேவ்லாக்ல டைவ் ஒக்கவும் படகுல இருந்துதான், மணல்லயும் கல்லுலயும் நடந்து தண்ணிக்குள்ள எறங்குற வேல இல்ல. அதனால வெறுங்காலுல மாட்டுற முழுக்கால் ஃபின்னே போதும், கடைக்காரன் தருவான். நீ வச்சிருக்கது பூட்டீஸ் போட்டு மாட்டுறது, ரெண்டும் சேந்து 3.7 கிலோ. வீட்டுல வையி.

டேங்கும் ஈயக்கட்டியும் யாரும் சுமக்க மாட்டாங்க, அது எப்பவும் கடையில உள்ளதுதான். ஆனா அங்க உள்ள கடைக்காரங்க அனேகமா பிசிடி, ரெகுலேட்டர், ஃபின் எல்லாம் சேத்துத்தான் ஒரு டைவுக்கு ரேட்டு சொல்லுவாங்க. சொந்தமா கொண்டு போனா பெருசா கொறச்சுத் தர மாட்டான். நீ 10 கிலோ சுமந்து மிச்சம் பிடிக்கிறது சாயா காசுதான்.

கண்டிப்பா எடுத்துட்டுப் போவ வேண்டியது: மாஸ்க், அதுவும் ஒனக்கு பவர் லென்ஸ், அங்க ஒன் நம்பர்ல கெடைக்கும்ண்ணு நம்பிப் போவாத. கம்ப்யூட்டர், ஏன்னா ஒனக்க ஒடம்புல எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்குண்ணு முந்தின நாள் கணக்கோட சேத்து வச்சிருக்கது அதுதான், வாடகைக்கு எடுத்தா நேத்து எவனோ போட்டுட்டுப் போன கணக்கு அதுல கெடக்கும். எஸ்எம்பி. பெறவு கோர்ஸ் முடிச்ச கார்டும், டைவ் கணக்கு எழுதுற லாக் புக்கும், கார்ட ஃபோன்லயும் போட்டு வச்சுக்க. அவ்வளவுதான்.

வில்லுக்குறி_வில்சன்:

முட்டம் அண்ணன் சொன்னது சரிதான், ஆனா ரெகுலேட்டர் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். மூச்சு விடுற சாமானம் அது. நான் ஒரு எடத்துல (எந்த ஊரு, எந்த கடைண்ணு வேண்டாம்) வாடகை ரெகுலேட்டர் வாங்கி எறங்கினேன், 12 மீட்டர்ல ஒவ்வொரு மூச்சுக்கும் அரை ஸ்பூன் உப்புத்தண்ணி தொண்டைக்குள்ள போவுது. இருமிட்டே கெடந்தேன், மீன் பாத்த ஓர்ம ஒண்ணுமே இல்ல. மேல வந்து பாத்தா வாயில கடிக்கிற அந்த ரப்பர் ஓரமா கிழிஞ்சு கெடக்கு, எனக்கு முன்னால எத்தன பேரு கடிச்சானுவளோ. அதுல இருந்து ரெகுலேட்டர் மட்டும் சொந்தம்தான், கைப்பையில போட்டுத்தான் போவேன், 2.7 கிலோதான, ரெண்டு ஜீன்ஸ விட்டா எடம் வந்துரும்.

முட்டம்_பாற:

வில்சன் அண்ணே, நீங்க சொல்லுறதுல நியாயம் உண்டு, ஆனா தம்பிக்க ரெகுலேட்டர் மச்சானுக்க பழசு. தம்பி, அத கடைசியா எப்பம் சர்வீஸ் பண்ணினாங்கண்ணு மச்சான்கிட்ட கேட்டியா? வருஷத்துக்கு ஒருக்கயாவது பாக்கணும். ரெண்டு மூணு வருஷம் அலமாரியில கெடந்தா உள்ள ஓ ரிங் ரப்பர் வளையம் எல்லாம் இறுகிப் போயிருக்கும், கடையில தெனமும் தண்ணிக்குள்ள போயிட்டு வர்றது அத விட நல்லா இருக்கும். அதுவும்போக உன்னோடது டேங்கு வால்வுக்குள்ள முறுக்கி மாட்டுற டின் டைப்பா, மேல கவ்விப் பிடிக்கிற யோக் டைப்பாண்ணு பாரு. டின்னா இருந்தா அங்க உள்ள டேங்க் வால்வுக்கு பொருந்துமாண்ணு முன்கூட்டியே ஃபோன் போட்டு கேக்கணும், இல்லண்ணா அடாப்டர் வேற.

வில்சன் அண்ணன் சொன்ன அந்த ரப்பர் பிரச்சனைக்கு 2.7 கிலோ தேவையில்ல. அந்த ரப்பர் மட்டும், மவுத்பீஸ், தனியா வாங்க கெடைக்கும், கையில வச்சா கனமே தெரியாது. கூட நாலு பிளாஸ்டிக் டேக், நம்ம கரண்டு வேலைக்காரங்க வயரு கட்டுறது. கடையில போனதும் பழசுல உள்ள டேக்க வெட்டி கழட்டி ஒன் மவுத்பீஸ மாட்டி டேக்க இறுக்கு, ரெண்டு நிமிஷ வேல. கடைக்காரன்கிட்ட கேட்டுட்டு செய்யி, போவும்போது பழையபடி அவனோடத மாட்டிக் குடு. டேக்கு சரியா விழுந்திருக்காண்ணு இழுத்துப் பாக்காம மட்டும் எறங்காத, தண்ணிக்குள்ள ரெகுலேட்டர் தனியா போயி ரப்பர் மட்டும் வாயில வச்சுட்டு நிண்ண ஆளையும் நான் பாத்திருக்கேன்.

எறங்குறதுக்கு முன்னால படகுல வச்சே, வால்வு தொறந்து, காத்தழுத்தம் காட்டுற கேஜ்ல முள்ளப் பாத்துக்கிட்டே நாலஞ்சு தடவ இழுத்து மூச்சு விடு. முள்ளு ஆடினா வால்வு முழுசா தொறக்கலண்ணு அர்த்தம். மெயின்ல மட்டுமில்ல, மஞ்ச கலர்ல தொங்குற உபரி ரெகுலேட்டர்லயும் விட்டுப் பாரு, அத யாரும் பாக்குறதே இல்ல.

வில்லுக்குறி_வில்சன்:

மவுத்பீஸ் ஐடியா கொள்ளாம். எனக்கு இது இவ்வளவு நாள் தோணல பாரு, சவம் 2.7 கிலோவ அஞ்சு வருஷமா சுமக்கேன்.

கடியபட்டணத்தான்:

தம்பிக்க அம்மா சொன்னத படிச்சு சிரிச்சுட்டேன், எங்க அப்பாவும் சிப்பி குளிதான். நான் ரெண்டு விஷயம் சொல்லுதேன்.

ஒண்ணு, வலப்பை. ஆன்லைன்ல டைவிங் மெஷ் பேக்குண்ணு ஆயிரக்கணக்குல விக்கான், வாங்காத. கொளச்சல்லயோ முட்டத்துலயோ கரையில வல பொத்துற ஆளுங்க இருப்பாங்க, பழைய நைலான் வலத் துண்டு ஒண்ணு வாங்கி வாயில கயிறு கோத்துத் தரச் சொல்லு. எங்க அப்பா இடுப்புல கட்டுறது அதுதான், சிப்பிய கொத்திக் கொத்தி அதுக்குள்ள போடுறது, பாறையில ஒரசி ஒரசி வருஷக்கணக்கா கெடக்கும். மடிச்சா கைக்குள்ள அடங்கிரும். ஈரச்சாமானம் ஒக்க அதுல போட்டு பேக்குக்கு வெளிய தொங்க விடு, காத்துல காஞ்சிரும்.

ரெண்டாவது கொஞ்சம் முக்கியம். நம்ம ஆளுங்களுக்கு சின்ன வயசுல இருந்து தண்ணிக்குள்ள மூச்ச அடக்கித்தான் பழக்கம், நானும் அப்படித்தான். ஸ்கூபாவுல அது ஆகாது. டேங்குல இருந்து இழுத்த காத்த அடக்கிட்டு மேல ஏறினா அந்த காத்து நுரையீரலுக்குள்ள விரியும், 10 மீட்டர்ல இருந்து மேல வந்தாலே ரெண்டு மடங்கு. கோர்ஸ்ல படிச்சிருப்ப, ஆனா எதையாவது பாத்து பயந்தா கை கால் பழைய பழக்கத்துக்குத்தான் போவும். எனக்கு மொத டைவ்ல ஒரு திருக்கை மணல்ல இருந்து எந்திரிச்சுப் போச்சு, நான் பாட்டுக்கு மூச்ச புடிச்சுட்டு நிக்கேன், கூட வந்த ஆளு ரெகுலேட்டர தட்டி தட்டி காட்டினான். மூச்ச விட்டுட்டே இரு, ஏறும்போது பைய ஏறு, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல போவாத, 5 மீட்டர்ல 3 நிமிஷம் நில்லு.

காதயும் பாத்துக்க. எங்க அப்பாவுக்கு இப்பம் இடது காது அரைகுறைதான். அவங்க காலத்துல வலிச்சாலும் அப்படியே கீழ போயிருவாங்க, ரத்தம் வந்தாலும் மறுநாள் தொழிலுக்கு போவணும்லா. வலிக்க ஆரம்பிக்கும் முன்னாலயே மூக்க புடிச்சு ஊது, போவலண்ணா ஒரு மீட்டர் மேல ஏறி மறுபடி ஊது. சளி புடிச்சிருந்தா அண்ணைக்கு டைவ விட்டுரு, காசு போனா போவட்டும்.

தக்கலை_2வது_தெரு:

பேட்டரிய பத்தி யாரும் சொல்லல. பவர் பேங்கும் உபரி பேட்டரியும் கைப்பையிலதான், செக்-இன்ல போடக்கூடாது. டார்ச்சும் கேமராவும்கூட கைப்பையில வைக்கிறதுதான் நல்லது. டைவ் டார்ச்ச மட்டும் பேட்டரிய கழட்டி தனியா வைங்க, உள்ள தானா எரிஞ்சுட்டா அது தண்ணிக்கு வெளிய சூடாகி துணியையே கருக்கிரும். கத்தி வச்சிருந்தா கையில கொண்டு போவ விடமாட்டான், அந்தமான் பவளப்பாறையில ஒனக்கு கத்திக்கு வேலையும் இல்ல. கேமரா ஆக்‌ஷன் கேமராதான? தண்ணி பூராத மேல்கூடு, ஹவுசிங், இல்லாம அனேகமா 10 மீட்டருக்குத்தான், அதுக்கு கீழ போவணும்ண்ணா ஹவுசிங் வேணும், உள்ள பனி படியாம இருக்க புது ஷூ டப்பாவுல கெடக்குற சிலிக்கா பாக்கெட் ஒண்ண உள்ள போடுங்க.

ஈத்தாமொழி_தேங்கா:

எதுக்கு அந்தமான், இஞ்சயே மூணு பக்கமும் கடல் கெடக்கே, முட்டத்துல குதிச்சா போதாதா

கடியபட்டணத்தான்:

@ஈத்தாமொழி_தேங்கா நம்ம கடல் தொழில் செய்யுற கடல் மக்கா. அலையும் நீவாடும் (நீரோட்டம்) இழுக்குற இழுப்புல கரையில இருந்து பாறு (கடலுக்குள்ள உள்ள பாறை) வரைக்கும் நீந்திப் போறதே பாடு. ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கும்போது கலங்கி நீட்டுன கை தெரியாது. எங்க அப்பா தடவித்தான் சிப்பி எடுப்பாரு. புதுசா படிச்ச பிள்ளைய அங்க எறக்கி விட சொல்லுதியளா.

முட்டம்_பாற:

தம்பி, ஒண்ணு விட்டுட்டேன், இது சாமானம் இல்ல, திட்டம். டைவ முதல்லயும் மல ஏறுறத பெறவும் வச்சிருக்க, நல்லது. ஒடம்புல ஏறின நைட்ரஜன் எறங்காம உயரத்துக்குப் போவக்கூடாது. கடைசி டைவுக்கும் ஃபிளைட்டுக்கும் எடையில, பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினா கொறஞ்சது 18 மணி நேரம் விடணும், 24ண்ணு வச்சா நிம்மதி. சேடில் பீக் 732 மீட்டர், அதுவும் உயரம்தான், ஹேவ்லாக்ல மத்தியானம் டைவ் பண்ணிட்டு மறுநாள் காலைல போயி ஏறக்கூடாது. ஒன் வழியில நீலும் பஸ்ஸும் எடையில இருக்கதால தானா ரெண்டு மூணு நாள் ஆயிரும், பிரச்சனை இல்ல. இத எதுக்கு சொல்லுதேண்ணா கோவளத்துல காலைல டைவ் முடிச்சுட்டு சாயங்காலம் பொன்முடிக்கு வண்டிய விட்ட நம்ம ஊரு பயலுவள எனக்குத் தெரியும்.

11 டைவ்தான் ஆயிருக்குண்ணா, ஓபன் வாட்டர் கார்டுக்கு 18 மீட்டர். ஹேவ்லாக் பக்கத்துல உள்ள டைவ் எடங்க, டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ்ண்ணு பேரு கேட்டதும் அங்க கூட்டிட்டுப் போங்கண்ணு நிக்காத, அது ஆழம். அடுத்த கோர்ஸ், அட்வான்ஸ்ட், அங்கயே ரெண்டு நாள்ல முடிச்சா 30 மீட்டர் வரைக்கும் போவலாம், 5 நாள்ல அதுக்கு நேரம் உண்டு.

கருங்கல்_பய:

அண்ணன்மாரே, ஒரு வாரம் கழிச்சு வாறேன். நீங்க சொன்னத ஒக்க செஞ்சேன்.

மச்சானுக்கு வாட்சப்புல கேட்டேன், ரெகுலேட்டர சர்வீஸ் பண்ணி நாலு வருஷம் ஆச்சாம், "நல்லாத்தான் இருந்து"ங்கான். பாத்தா டின் டைப்பும்கூட. பிசிடி, ரெகுலேட்டர், ஃபின், பூட்டீஸ், வெட்சூட் அஞ்சும் அலமாரிக்கு மேல போயாச்சு. லைக்ரா சூட்டும் மவுத்பீஸும் வந்துட்டு. கொளச்சல் போயி ஒரு வயசான தாத்தாகிட்ட வலப்பை கேட்டேன், எதுக்குண்ணு கேட்டாரு, அந்தமானுக்குண்ணேன், அங்க என்ன மீனுண்ணு கேட்டாரு, புடிக்க இல்ல தாத்தா பாக்கப் போறேண்ணேன், ஒரு மாதிரி பாத்துட்டு காசே வாங்கல. தங்கூசியால வாயத் தச்சு தந்துருக்காரு, நம்ம கடையில கெடைக்குற எந்த பேக்கும் கிட்ட வராது.

துணியையும் கொறச்சேன். ஜீன்ஸ் ஒண்ணும் இல்ல, ரெண்டு டவுசர், ஒரு சாரம், நாலு பனியன், ரெண்டு துவர்த்து. பெரிய டர்க்கி டவல்தான் இவ்வளவு நாள் எடத்த அடச்சுட்டு கெடந்திருக்கு, துவர்த்து அரை மணி நேரத்துல காயுது. மறுபடி தராசு வாங்கி எட போட்டேன், 7 கிலோ 300. 19ல இருந்து 7! இன்னும் 300 கிராம் கொறஞ்சா செக்-இன்னே வேண்டாம், கைப்பையாவே கொண்டு போயிரலாம். எத எடுக்கணும்ண்ணு தெரியல.

தக்கலை_2வது_தெரு:

கம்ப்யூட்டர கையில கட்டிக்க, 200 கிராம் போச்சு. கேமராவ டவுசர் பாக்கெட்டுல போடு. முடிஞ்சு.

முட்டம்_பாற:

மாஸ்க் டப்பாவ மட்டும் தூக்கிப் போட்டுராத, கைப்பைய மேல போட்டு அமுக்குவான். டப்பாவுக்குள்ள காலுறைய சுருட்டி வையி, எடமும் வீணாகாது. புது மாஸ்க்குண்ணா கண்ணாடிக்கு உள்பக்கம் பேஸ்ட் போட்டு நாலஞ்சு தடவ தேச்சு கழுவு, இல்லண்ணா தண்ணிக்குள்ள பனி மூடும். பவர் லென்ஸுல தேக்கலாமாண்ணு அந்த அட்டையில பாத்துட்டு செய்யி. மீச உண்டா ஒனக்கு? மூக்குக்கு கீழ கொஞ்சம் மழிச்சு விடு, அந்த வழியாத்தான் தண்ணி கசியும்.

கருங்கல்_பய:

மீச விஷயத்த வீட்டுல சொன்னேன், அம்மா அதுக்கு ஒத்துக்கிட்டா. ஆனா பேக்கு இப்பம் 8 கிலோ 100. கம்ப்யூட்டர கையில கட்டியாச்சு, ஆனா பேக்குக்கு அடியில ஏதோ கனக்குதேண்ணு பிரிச்சுப் பாத்தா பழைய ஹார்லிக்ஸ் டப்பாவுல முந்திரிக்கொத்து, சரியா ஒரு கிலோ. எடுக்க விடமாட்டேங்கா. செக்-இன்தான் போடப் போறேன்.

முட்டம்_பாற:

ஹேவ்லாக் போயி எறங்கினதும் டைவ் கடைப் பயலுவளுக்கு பாதியக் குடு. நல்ல ரெகுலேட்டரா பாத்து எடுத்துத் தருவானுவ.